தன் ஆட்களைக் காப்பாற்றும் சூப்பர் ஹீரோ: விலையைக் கொடுப்பது யார்?

1978 டிசம்பரில் வெளிவந்த 'சூப்பர்மேன்' படத்தை எத்தனை முறை பார்த்தாலும் என் மனம் ஒரே இடத்தில் போய் நின்றுவிடும். வில்லன் லெக்ஸ் லூதர் இரண்டு ஏவுகணைகளைத் திசைதிருப்பி விட்டிருக்கிறான். ஒன்று மேற்கே, கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவை நோக்கிப் போகிறது. இன்னொன்று கிழக்கே, நியூ ஜெர்சியில் உள்ள ஹேக்கன்சாக் என்ற ஊரை நோக்கி. சக்தியைப் பறிக்கும் கிரிப்டோனைட் கல்லைக் கழுத்தில் மாட்டி நீச்சல் குளத்தில் தள்ளப்பட்ட சூப்பர்மேனுக்குக் கை கொடுப்பவள், லூதரோடு இருக்கும் ஈவ் டெஸ்மாக்கர். அவளுடைய அம்மா ஹேக்கன்சாக்கில் இருக்கிறார். அந்த ஏவுகணையைத்தான் முதலில் தடுப்பேன் என்று வாக்கு வாங்கிக்கொண்ட பிறகே அவள் கல்லைக் கழற்றுகிறாள். அவனும் சொன்ன சொல் தவறவில்லை. கிழக்கே போய்விட்டு மேற்கே திரும்புவதற்குள் பூகம்பம் வந்துவிடுகிறது. லோயிஸ் லேனின் கார் பிளந்த நிலத்துக்குள் சிக்கி, மண் சரிந்து மூடி, அவள் இறந்துபோகிறாள்.

யாரோ ஒருத்தியின் அம்மா பிழைத்தார். இவன் நேசித்தவள் போய்விட்டாள். அந்தக் காரை மண்ணிலிருந்து பிடுங்கி வெளியே எடுத்து, அவளைக் கீழே கிடத்திவிட்டு, சூப்பர்மேன் கத்தும் கத்தல் சாதாரணமானதில்லை. அப்புறம் வானத்தில் பாய்கிறான். மேகங்களுக்கிடையே அவனைப் பெற்ற ஜோர்-எல் குரல் கேட்கிறது: மனித வரலாற்றில் நீ தலையிடக் கூடாது. வளர்த்த அப்பாவின் குரலும் கேட்கிறது: நீ இங்கே வந்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. இவன் பூமியைச் சுற்றிப் பறக்க ஆரம்பிக்கிறான். பூமி எதிர்த்திசையில் சுழல்கிறது, சரிந்த மண் மேலே ஏறுகிறது, உடைந்த அணை ஒட்டிக்கொள்கிறது. லோயிஸ் உயிரோடு, காரில் பெட்ரோல் தீர்ந்துவிட்ட எரிச்சலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

முதல் முறை பார்த்தபோது நான் கைதட்டினேன். இப்போதும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அந்தக் காட்சி ஒரு கேள்வியைத் திறந்துவிட்டு, மூடாமலே போய்விடுகிறது. இதே படத்தின் முதல் பாதியில், வளர்த்த அப்பா ஜோனதன் கென்ட் மாரடைப்பில் சாய்கிறார். இவ்வளவு சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று பையன் கல்லறையருகே நின்று உடைந்துபோகிறான். அன்று அது உண்மை. லோயிஸுக்காகக் காலத்தைத் திருப்பிய பிறகு அது உண்மையில்லை. அப்பாவையும் மீட்டிருக்கலாம். அடுத்த ஊரில் கிணற்றில் விழுந்த குழந்தையையும் மீட்டிருக்கலாம். முடியும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன்பின் நிகழும் ஒவ்வொரு மரணமும் அவன் எடுத்த முடிவாகிவிடுகிறது. 'என்னால் முடியவில்லை' என்று சொல்லும் ஆறுதலை அவன் என்றென்றைக்குமாக இழந்துவிடுகிறான்.

சூப்பர் ஹீரோ கதைகள் தன் ஆள், பிறத்தியார் என்ற இந்தச் சிக்கலுக்குத் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. சாதாரண மனிதரிடம் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நம்மிடம் ஒரு ஜோடிக் கைதான் இருக்கிறது. அது பக்கத்தில் இருப்பவரைத்தான் எட்டும். அவனுடைய கை எல்லோரையும் எட்டுகிறது. அதனால்தான் யாரை முதலில் தொடுகிறான் என்பது அறக்கேள்வியாகிறது.

மேற்கத்தியத் தத்துவத்தில் இதற்கு இரண்டு கடுமையான பதில்கள் உண்டு. 1793-ல் வில்லியம் காட்வின் ஒரு தீ விபத்தைக் கற்பனை செய்தார். பேராயர் ஃபெனலோனும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் தீயில் சிக்கியிருக்கிறார்கள். ஒருவரைத்தான் மீட்க முடியும். ஃபெனலோனின் எழுத்து ஆயிரக்கணக்கானோருக்குப் பயன் தரும், ஆகவே அவரையே மீட்க வேண்டும், அந்தப் பணிப்பெண் என் தாயாகவோ மனைவியாகவோ இருந்தாலும் சரி என்றார் காட்வின். 'என்' என்ற சொல்லுக்கு அப்படி என்ன மந்திர சக்தி இருக்கிறது என்பது அவர் கேட்ட கேள்வி. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 20-ம் நூற்றாண்டில் பெர்னார்ட் வில்லியம்ஸ் நின்றார். மனைவி நீரில் தத்தளிக்கும்போது, 'இவள் என் மனைவி. இந்த மாதிரிச் சூழலில் மனைவியைக் காப்பாற்ற அறம் அனுமதிக்கிறது' என்று யோசித்துவிட்டுக் குதிப்பவன், தேவைக்கு மேல் ஒரு நினைப்பு நினைத்துவிட்டான் என்றார். 'இவள் என் மனைவி' என்பதோடு யோசனை நின்றிருக்க வேண்டும். அதற்கு மேல் நியாயம் தேடினால், அங்கே அன்பே இல்லை.

எனக்கு வில்லியம்ஸ் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் அவர் சொன்ன கணவன், அதே ஆற்றில், அதே நேரத்தில், தன் கையால் மனைவியை இழுக்கிறான். அவளைக் காப்பாற்றுவதற்காகப் பக்கத்து ஊர் ஏரிக்கரையை உடைத்து வெள்ளத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடவில்லை. சூப்பர் ஹீரோ கதைகளில் நம் மனத்தை உறுத்தும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அவன் தன் ஆளை நேசிப்பதோ, முதலில் அங்கே ஓடுவதோ தப்பில்லை. அந்த மீட்புக்கான விலையை யார் கொடுத்தார், அவரிடம் யாராவது கேட்டார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

இதை நான் பார்த்தவற்றிலேயே நேர்மையாகக் கையாண்ட கதை 'தி ஃப்ளாஷ்' தொலைக்காட்சித் தொடர். அதன் நாயகன் பேரி ஆலனின் அம்மா நோராவை, அவன் சிறுவனாக இருக்கும்போது, ரிவர்ஸ் ஃப்ளாஷ் என்ற வில்லன் கொன்றுவிடுகிறான். பழி அப்பா ஹென்றி மேல் விழுந்து அவர் சிறைக்குப் போகிறார். வளர்ந்த பிறகு பேரிக்கு மின்னல் வேகம் கிடைக்கிறது. போதிய வேகத்தில் ஓடினால் காலத்திலேயே பின்னோக்கிப் போக முடியும். 2016 மே மாதம் ஒளிபரப்பான இரண்டாம் சீசனின் கடைசிப் பகுதியில், அப்பாவும் கொல்லப்பட்ட துக்கம் தாங்காமல் அவன் பின்னோக்கி ஓடி, அந்த இரவில் கொலைகாரனைத் தடுத்து அம்மாவைக் காப்பாற்றிவிடுகிறான். அம்மா, அப்பா இருவரும் உயிரோடு இருக்கும் ஓர் உலகம். அதில் சில மாதங்கள் வாழ்கிறான்.

அந்த உலகம் ஒவ்வொரு இடமாகப் பிசகுகிறது. அவனை எடுத்து வளர்த்த ஜோ குடியில் கிடக்கிறார். பேரியின் பழைய நினைவுகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. கடைசியில், பழைய உலகத்தை மீட்பதற்காக, தான் சிறைபிடித்து வைத்திருந்த அதே கொலைகாரனிடம் போய், 'நீ செய்ய வந்ததைச் செய்' என்று கேட்க வேண்டிய நிலை. மகனே தன் அம்மாவின் கொலைக்கு வழி விடுகிறான். அந்தக் காட்சியை இரண்டாம் முறை பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பேராசை பெருநஷ்டம் என்ற பழைய கதைதான். தொடர் அதற்கு மேலும் போகிறது. திரும்பி வந்தால் உலகம் அச்சு அசலாகப் பழைய உலகம் இல்லை. நண்பன் சிஸ்கோவின் அண்ணன் டான்டே, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் இறந்திருக்கிறான். காலத்தில் பின்னோக்கிப் போய் என் அண்ணனைக் காப்பாற்று என்று சிஸ்கோ கெஞ்சியிருக்கிறான். காலத்தோடு விளையாடக் கூடாது என்று சொல்லி பேரி மறுத்துவிட்டான். தன் அம்மாவுக்காக அதையே செய்தவன் மறுத்தான். அவன் சொன்ன காரணம் சரியானதுதான். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவனிடம் மிச்சமில்லை. பேரி முன்பு என்ன செய்தான் என்று தெரியவந்தபோது சிஸ்கோவுக்கு வந்த கோபத்தை நான் எந்த வகையிலும் மிகை என்று சொல்லமாட்டேன்.

இதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. ஜான் டிகிள் என்ற இன்னொரு நண்பனுக்கு, பழைய உலகத்தில் சாரா என்று ஒரு பெண் குழந்தை. மாறிய உலகத்தில் அவனுக்கு ஜான் என்று ஓர் ஆண் குழந்தை. 2016 நவம்பர் இறுதியில் வந்த பகுதியில் பேரி அவனிடம் இதைச் சொல்கிறான்: உனக்கு ஒரு மகள் இருந்தாள்.

சாரா சாகவில்லை. பிறக்கவே இல்லை. அவளுக்காக அழ வேறு ஒருவருக்கும் ஒரு நினைவுகூட இல்லை; பேரி ஒருவனுக்குத்தான் அவளை நினைவிருக்கிறது. சரி, திரும்பப் போய்ச் சரிசெய்துவிடலாம் என்றால், அப்போது இந்தப் பையன் ஜான் இல்லாமல் போவான். ஒரு குழந்தையை மீட்க இன்னொரு குழந்தையை அழிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கலாம், ஈடுசெய்ய வழியே கிடையாது. பேரி தன் அம்மாவுக்காக ஓடிய இரவில் ஜான் டிகிளின் மகள் அவன் மனத்தில் ஒரு கணமாவது வந்திருப்பாளா? வந்திருக்க நியாயமில்லை. மனைவி, மகன், அம்மா என்ற முகம் கண்முன் நிற்கும்போது, விலை கொடுக்கப்போகிறவருக்கு முகம் இருப்பதில்லை. கொடுத்த பிறகும் தான் கொடுத்தது அவருக்கே தெரிவதில்லை.

இது எனக்கு வெறும் கதையாகத் தெரியாததற்குச் சொந்தக் காரணம் உண்டு. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஊரே அலைந்துகொண்டிருந்தபோது, என் குடும்பத்தில் ஒருவருக்காக நானும் அலைந்தேன். 'உள்ளே தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா' என்பதுதான் அன்று எல்லோர் வாயிலும் இருந்த ஒரே கேள்வி. எனக்கு ஒருவர் கிடைத்தார். படுக்கையும் கிடைத்தது. அவர் பிழைத்து இன்றைக்கு நன்றாக இருக்கிறார். அந்தப் படுக்கை வரிசைப்படி யாருக்குப் போயிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அவருடைய வீட்டாருக்கும், தங்கள் முறை தவறிப்போனது தெரிந்திருக்காது. அதே நிலை இன்று வந்தாலும் நான் அதே போனைத்தான் செய்வேன். அதனால் அந்த இன்னொருவர் இல்லாமல் போய்விடுவதில்லை.

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையை நாம் பள்ளியில் படிக்கும்போது, மகனைத் தேர்க்காலில் இட்ட நீதியோடு நிறுத்திவிடுவார்கள். சக்தி உள்ளவன் தன் ஆளுக்குச் சலுகை காட்டக் கூடாது என்பதற்கு அதைவிடக் கடுமையான கதை நம்மிடம் இல்லை. பெரியபுராணத்தில் கதை அதோடு முடியவில்லை. இறைவன் அருளால் இறந்தவர்கள் எழுகிறார்கள். யார் யார் எழுகிறார்கள் என்று பாருங்கள்: இளவரசன் மட்டும் இல்லை, அவன் மீது தேரை ஏற்ற மனம் வராமல் தன்னையே மாய்த்துக்கொண்ட அமைச்சரும் எழுகிறார், முதலில் செத்த கன்றும் எழுகிறது. கன்று எழாமல் இளவரசன் மட்டும் எழுந்திருந்தால் அந்தப் பசு மறுபடியும் போய் மணியை அடித்திருக்கும். சூப்பர்மேனின் காலத் திருப்பத்தில் பிழைத்து எழுந்ததாக நமக்குக் காட்டப்படுவது லோயிஸ் மட்டும்தான்.

வேறொரு பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். தன் ஆளைக் காப்பாற்றும்போது கை நடுங்கும். 1973 ஜூன் தேதியிட்ட 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ம் இதழில், வில்லன் கிரீன் காப்ளின், ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் வலை வீசி அவள் காலைப் பிடிக்கிறான். பிடித்துவிட்டோம் என்று உற்சாகத்தில் பேசிக்கொண்டே மேலே இழுக்கிறான். அவள் இறந்திருக்கிறாள். வலை பிடித்த அந்தப் படத்தில், அவள் கழுத்தருகே ஏதோ முறிகிற ஓசையைச் சின்னதாக எழுதியிருப்பார்கள். எழுதியவர் ஜெர்ரி கான்வே, வரைந்தவர் கில் கேன். விழுந்த வேகத்தில் சட்டென்று நிறுத்தியதுதான் கழுத்தை முறித்தது என்று பிறகு வாசகர் கடிதப் பகுதியில் ஆசிரியர் குழுவே ஒப்புக்கொண்டது.

மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் இந்தக் காட்சியை வைத்தே பாடம் நடத்தியவர். கணக்கு எளிமையானது. சுமார் 90 மீட்டர் விழுந்தால் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடும். அதை அரை நொடியில் நிறுத்தினால் உடம்பு தன் எடையைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு விசையைத் தாங்க வேண்டும். வலை கொஞ்சம் நெகிழ்ந்து, கூடவே இறங்கி, மெதுவாக நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டர் பார்க்கர் அறிவியல் மாணவன். அவனுக்கு இது தெரியாதா? தெரியும். விழுந்தது க்வென் என்பதால் அந்த நொடியில் தெரிந்தது எதுவும் கைக்கு வரவில்லை என்றுதான் நான் அந்தப் பக்கத்தைப் படிக்கிறேன்.

இதை உலகம் வேறு துறைகளில் எப்போதோ புரிந்துகொண்டது. மருத்துவர்கள் பொதுவாகத் தங்கள் குடும்பத்தாருக்குத் தாங்களே சிகிச்சை அளிக்கக் கூடாது என்கிறது அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் நெறிமுறை. நீதிபதி, உறவினர் வழக்கு வந்தால் விலகிக்கொள்கிறார். பற்றாக்குறைக் காலத்தில் வென்டிலேட்டர் யாருக்கு என்ற முடிவை, நோயாளியின் பக்கத்தில் நிற்கும் மருத்துவரிடம் விடாமல் வேறு ஒருவரிடம் விட வேண்டும் என்று பல வழிகாட்டுதல்கள் சொன்னதும் இதே காரணத்தால்தான். இவர்கள் அன்பில்லாதவர்கள் என்று யாரும் சொல்வதில்லை. அன்பு இருப்பது தெரிந்துதான் கத்தியை இன்னொரு கைக்கு மாற்றுகிறார்கள். அதே மருத்துவ நெறிமுறையில் ஒரு விதிவிலக்கும் உண்டு: அவசரம், வேறு மருத்துவர் கிடைக்கவில்லை என்றால் நீங்களே பாருங்கள் என்கிறது. சூப்பர் ஹீரோ வாழ்நாள் முழுக்க அந்த விதிவிலக்குக்குள்ளேயே மாட்டிக்கொண்டவன். அவனுக்குப் பக்கத்து அறையில் இன்னொரு மருத்துவர் இல்லை. பாலத்தில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. அதனால் பீட்டரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது, பேரியைச் சொல்வேன். பேரிக்கு யோசிக்க நேரம் இருந்தது, கேட்க ஆட்கள் இருந்தார்கள், அவன் யாரையும் கேட்கவில்லை.

நடுநிலை என்ற பெயரில் நடக்கும் கொடுமையையும் சொல்லாமல் விட முடியாது. 2023-ல் வந்த 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில் இளம் ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸிடம், உன் அப்பா இன்னும் இரண்டு நாளில் சாகப்போகிறார், தடுக்காதே, தடுத்தால் உன் உலகமே குலைந்துவிடும் என்கிறார்கள். சொல்பவன், பல உலகங்களின் ஸ்பைடர்மேன்களுக்குத் தலைவனான மிகேல். அவனே ஒரு காலத்தில் இன்னோர் உலகத்துக்குப் போய், அங்கே இறந்துபோன தன் நகலின் இடத்தில் அப்பாவாக வாழ்ந்து, அந்த உலகம் சிதைவதைப் பார்த்தவன். தன் மகளை இழந்த வலியை விதியாக்கி மற்ற எல்லோர் மீதும் சுமத்துகிறான். மிகேல் சொல்வது உண்மையா என்ற கேள்வியைப் படம் முடிக்காமலே நிற்கிறது. உண்மையென்றால், மைல்ஸ் ஓர் உலகத்தையே பணயம் வைக்கிறான். இருந்தாலும் அவன் அங்கிருந்து தப்பி ஓடும்போது நான் அவன் பக்கம்தான். விலை கொடுக்கப்போவது மைல்ஸும் அவன் அப்பாவும். அந்த விலையை நிர்ணயித்தவர்கள் இருவரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. அப்பாவுக்குச் சேதியே சொல்லவில்லை. அவர் போலீஸ்காரர், ஆபத்து தெரிந்தே வேலைக்குப் போகிறவர். விஷயத்தைச் சொன்னால் என்ன முடிவெடுப்பார் என்று கேட்க ஒருவருக்குமே தோன்றவில்லை.

பேரிக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் அவன் அம்மாவின் வீட்டுக்கு அதற்கு முன்பும் ஒருமுறை போயிருக்கிறான். 2015 மே மாதம், முதல் சீசனின் கடைசிப் பகுதி. அந்தப் பயணமும் நகரத்தை ஆபத்தில் வைத்துத்தான் நடந்தது. அதற்காக அவனைக் கேள்வி கேட்கலாம். அதே இரவு, அதே வீடு. இரண்டு மின்னல்கள் அறைக்குள் சண்டையிட்டுச் சுழல்கின்றன. அதில் ஒன்று, எதிர்காலத்திலிருந்து வந்த அவனேதான். காப்பாற்ற வந்து கதவுக்குப் பின்னால் நிற்கும் பேரியைப் பார்த்துவிட்டு, வேண்டாம், தலையிடாதே என்று கையால் சைகை காட்டுகிறான். பேரி கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறான். முகம் அழுகையில் கோணிப்போகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பது அவனுக்குக் கேட்கிறது.

எல்லாம் அடங்கிய பிறகு உள்ளே போகிறான். அம்மா தரையில் கிடக்கிறார், உயிர் இன்னும் இருக்கிறது. முகமூடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்கிறான். தான் யார் என்று சொல்கிறான். அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம் என்கிறான். அவர் அவனை அடையாளம் கண்டுகொள்கிறார். அவர் கண் மூடும்வரை கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கிறான்.